இருங்காட்டுக்கோட்டையில் நாலாவது சுற்றில் பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது: பெரிய டிஸ்க் போடத்தான் வேண்டுமா?

மூன்றாம் கியர் (கேள்வி):

போன மாதம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் விரட்டிப் பார்க்கும் நாளுக்குப் போயிருந்தேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை பயந்து பயந்து ஓட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது, வினையும் கூடவே வந்தது.

வண்டி இரண்டு கதவு ஜெர்மன் கூப்பே. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத் திறன். நானும் அரை டேங்க் பெட்ரோலும் சேர்ந்தால் 1,450 கிலோ வரும். பிராண்டைச் சொன்னால் பேச்சு முழுக்க அது நல்லதா கெட்டதா என்று போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். நாலு வயது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக்கில் எல்லாம் ஷோரூமிலிருந்து வந்தபடியேதான்.

காலை முதல் செஷன் 20 நிமிடம். மூன்று சுற்று வரை சொர்க்கம். சுற்றுக்குச் சுமார் 2 நிமிடம் 15 விநாடி. நாலாவது சுற்றில், நீளமான நேர் பாதையின் முடிவில் 160-இல் வந்து பிரேக்கில் காலை வைத்தேன். வழக்கமான இடத்தில் பெடல் இல்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே, பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் போய்க்கொண்டே இருந்தது. என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால் முழுசாக நினைவில்லை. காலை எடுத்து மறுபடி இரண்டு தரம் மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. வளைவை விட்டுவிட்டு நேராகப் புல்லுக்குள் போய் நின்றேன். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுங்கிற்று.

கூத்து இனிமேல்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி நன்றாக இருக்கிறது! அதே வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சர்வீஸில் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “பிரேக் பக்காவா இருக்கு சார், நீங்க பதற்றத்துல சரியா மிதிச்சிருக்க மாட்டீங்க” என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

டிராக்கில் பழக்கமான ஒரு நண்பர், முன்னால் ஆறு பிஸ்டன் கேலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி) பெரிய டிஸ்க்கும் போடு என்கிறார். அவர் சொல்லும் தொகைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம். இன்னொருவர், சென்னை வெயிலில் இப்படித்தான், ஜனவரியில் வா என்கிறார். யார் சொல்வது சரி?

எழுபதாவது வளைவு:

தம்பி, எங்க அப்பா கொல்லிமலையில் லாரி ஓட்டினவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. ‘எந்த கியரில் ஏறுறியோ அந்த கியரில் இறங்கு’ என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பி வந்தவன் அடிவாரம் வந்து சேர மாட்டான் என்பார். நீங்களும் கியரைக் குறைத்து இன்ஜினில் பிடித்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

பழைய ஸ்பேனர்:

அப்பா சொன்னது மலைக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் டிராக் வேறு. மலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் கூடாமல் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும், அந்த வேலையை இன்ஜின் அழகாகச் செய்யும். டிராக்கில் மூன்று நாலு விநாடிக்குள் 160-லிருந்து 70-க்கு வர வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் பிடிப்பது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஒரு சின்னப் பையன் கை கொடுப்பது மாதிரி. உதவிதான், ஆனால் பந்தி அவனால் நடக்காது. அதற்காக நாலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அடித்து இறக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், இல்லை இன்ஜின் ஆர்பிஎம் சிவப்புக் கோட்டைத் தாண்டும்.

மூன்றாம் கியர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் உங்கள் காலுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிரேக் சூட்டில் இரண்டு விதமாகச் செத்துப்போகும். ஒன்று, பெடல் உள்ளே போகும், பஞ்சு மாதிரி இருக்கும், பம்ப் அடித்தால் திரும்ப வரும். அது பிரேக் ஆயில் கொதித்தது. இன்னொன்று, பெடல் கல் மாதிரி நிற்கும், முழு பலத்தோடு மிதிப்பீர்கள், வண்டி மட்டும் நிற்காது. அது பேட், அதாவது டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்துகிற கட்டை, கைவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. எது நடந்தது என்று தெரியாமல் பெரிய டிஸ்க் வாங்குவது, வயிற்று வலிக்குக் கண்ணாடி மாற்றுவது போலத்தான்.

உங்களுடையது ஆயில். சந்தேகமே இல்லை. ஒரு மணி நேரத்தில் பெடல் தானாகத் திரும்பியதே சாட்சி. ஆயில் திரவமாக இருக்கும்வரை அமுங்காது, நீங்கள் மிதிக்கிற அழுத்தம் அப்படியே பிஸ்டனுக்குப் போகும். கேலிப்பருக்குள் அது கொதித்து ஆவி ஆனால், ஆவி அமுங்கும். உங்கள் கால் அந்தக் குமிழைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தது. ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். சர்வீஸில் ஆறின வண்டியை ஓட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், அவர்கள் பார்த்தவரை ஒன்றுமில்லைதான். உங்கள் காலைக் குறை சொன்னதுதான் தப்பு.

எவ்வளவு சூடு என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு போடலாம். 1,450 கிலோ வண்டியை 160-லிருந்து 70-க்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 1.16 மெகாஜூல் சூடாக மாற வேண்டும். ரோட்டில் 100-இல் வந்து முழுசாக நிறுத்துவதைப்போல இரண்டு மடங்கு. அதில் பத்தில் ஏழு பங்கு முன் சக்கரத்துக்கு. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே ஒரு மிதியில் டிஸ்க் சூடு ஏறத்தாழ 110 டிகிரி ஏறும். அடுத்த வளைவுக்குள் அதில் கொஞ்சம்தான் ஆறும். ஒரு சுற்றில் இப்படி நாலைந்து பெரிய மிதி. மூன்று சுற்று தாங்கியதே பெரிய விஷயம். டிஸ்க்கிலிருந்து பேட்டுக்கு, பேட்டின் முதுகுத் தகட்டிலிருந்து பிஸ்டனுக்கு, பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கு என்று சூடு நடந்து போகக் கொஞ்ச நேரம் எடுக்கும். முதல் மூன்று சுற்று சொர்க்கமாக இருந்ததன் ரகசியம் அந்த இடைவெளிதான்.

அடுத்து ஆயில். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தரக் குறியீடு. டாட் 4 என்றால் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் தண்ணீரை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதே டாட் 4-க்கு 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி சொல்கிறது. 75 டிகிரி போச்சு! நாலு வருஷமாக ஆயில் மாற்றியிருக்கிறீர்களா? மாற்றவில்லை என்றுதான் படுகிறது. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன.

வெயில் மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒன்று. டிஸ்க் 500 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 26-ஆ 36-ஆ என்பதில் ஆறும் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மாறும். நம் ஊர் பிரேக்குக்குச் செய்கிற துரோகம் வெயில் இல்லை, புழுக்கம். கடலோரக் காற்றிலிருக்கும் ஈரம்தான் அந்த ஆயிலுக்குள் போகிறது. ஜனவரியில் போனாலும் அதே பழைய ஆயிலோடு போனால் அதே புல்லில்தான் நிற்பீர்கள்.

ஆக, முதல் வேலை ஆயில் மாற்றுவது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றது புதுசில் 312 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகும் 205 தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறினாலும் 270. விலை கண்ணைக் கட்டும், உங்களுக்கு இப்போது தேவையில்லை. டாட் 5 என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள், அது சிலிக்கோன், இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு சங்கதி, அது கலக்கும். பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, இத்தனை வருஷமாக ஆட்களைக் குழப்புகிறது.

மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க் பற்றி அப்புறம் பேசுவோம்.

சின்ன ஆயில் டேங்க்:

பெரிய டிஸ்க்கே வீண் என்று சொல்லிவிட முடியாது அண்ணா. இரும்பு எடை கூடினால் ஒவ்வொரு மிதிக்கும் ஏறுகிற சூடு குறையும், நீங்கள் போட்ட கணக்கிலேயே அது இருக்கிறது. நொய்டா பக்கம் புத் ரேஸ் டிராக்கில் ஒரு நேர் பாதையே ஒரு கிலோமீட்டருக்கு மேல். அங்கே இவர் வண்டி 200-ஐத் தாண்டும். அங்கே போகிறவருக்கு என்ன சொல்வீர்கள்?

பழைய ஸ்பேனர்:

அங்கே போகிறவருக்குப் பெரிய டிஸ்க் வேண்டும் என்றே சொல்வேன். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. ஆனால் இவர் ஓடுவது 3.717 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டையில், வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள். முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் முன் பின் பிடிக்கிற விகிதம் மாறும், சக்கரத்துக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். கடைசியில் அதே நாலு வருஷத்து ஆயில் அந்தப் பெரிய கேலிப்பருக்குள்ளும் கொதிக்கும், என்ன, இரண்டு சுற்று தள்ளி.

மூன்றாம் கியர்:

ஆயில் மாற்றினேன். அண்ணா சொன்னது சரிதான், நாலு வருஷமாக யாரும் தொடவில்லை. சர்வீஸ் பில்லில் ‘செக்டு’ என்று மட்டும் இருந்தது.

கடையில் கொடுக்காமல் வீட்டு வாசலில் நானும் மச்சானும் சேர்ந்து செய்தோம். அவன் உள்ளே உட்கார்ந்து பெடல், நான் கீழே ஸ்பேனர். “மிதி… பிடிச்சிரு… விடு” என்று காலையில் ஒன்றரை மணி நேரம். மேல் வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவுகிற டியூபை மாட்டி, இன்னொரு முனையைப் பழைய தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தேன். முன் வலது சக்கரத்தில் முதலில் வந்தது கெட்டி டிகாஷன் நிறம். நடுநடுவே கடுகு அளவு குமிழ். அப்புறம் திடீரென்று டீ நிறம், அப்புறம் வெளுத்து, கடைசியில் விளக்கெண்ணெய் மாதிரி இளமஞ்சள். அந்த நிறம் மாறுகிற இடத்தை டியூபுக்குள் பார்த்தபோதுதான் எதை நம்பி 160-இல் போயிருக்கிறேன் என்று வயிற்றைக் கலக்கியது.

நேற்று மறுபடி டிராக். ஐந்து சுற்று, பெடல் கொஞ்சம்கூட உள்ளே போகவில்லை. ஆனால் ஆறாவதில் வேறு கதை. பெடல் கல் மாதிரி நிற்கிறது, காலால் உதைக்கிறேன், வண்டி ‘பார்க்கலாம்’ என்கிற மாதிரி மெதுவாக வேகம் குறைகிறது. எரிந்த நாற்றம் வேறு. அண்ணா சொன்ன இரண்டாவது வகை என்று அந்த இடத்திலேயே புரிந்தது. இந்த முறை பதறவில்லை, அடுத்த சுற்று முழுக்க மெதுவாக வந்து, டிராக் ஓரம் வண்டி நிறுத்துகிற பிட்டுக்குள் நுழைந்தேன். வந்து ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். திரும்ப எடுக்கும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். இப்போது வேகமாக வந்து பிரேக் போட்டால் ஸ்டியரிங் லேசாக உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பழைய ஸ்பேனர்:

நல்ல செய்தி. ஒரு கதவை மூடினோம், அடுத்தது தெரிகிறது. ரோட்டு பேட் அமைதியாக இருக்க வேண்டும், காலையில் குளிரிலும் முதல் மிதியில் பிடிக்க வேண்டும், தூசு கிளப்பக் கூடாது. அதற்காகச் செய்த கலவை. சூடு எல்லை தாண்டினால் அதிலிருக்கும் பிசின் கரிந்து, வாயு வெளியே வரும். பிடிப்பு விழும். அந்த நாற்றம் அதுதான்.

ஹேண்ட் பிரேக்தான் நீங்கள் செய்த ஒரே பெரிய தப்பு. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பின் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கிவிட்டீர்கள், ஒட்டிக்கொண்டது. அந்த ‘டக்’ அது பிய்ந்த சத்தம். இனிமேல் பிட்டில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். கால் பிரேக்கையும் மிதித்தபடி நிற்காதீர்கள். உதறல் பெரும்பாலும் முன்பக்கத்து விவகாரம். டிஸ்க் வளைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், பல தடவை அது வளைவே இல்லை. பேட் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அப்பியிருக்கும். புது பேட்டைச் சரியாகப் பழக்கினால் பாதி தடவை அந்த உதறல் போய்விடும்.

பேட் வாங்கும்போது ஆசைப்பட்டு முழு ரேஸ் பேட் வாங்காதீர்கள். அது சூடேறாமல் பிடிக்காது. டிராக்கை முடித்து பெங்களூர் ஹைவேயில் ஏறி, ஆறின பிரேக்கோடு முதல் லாரிக்குப் பின்னால் போய் நிற்கும்போதுதான் உங்களுக்கு அது தெரியவரும். ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் போடுங்கள். போட்டதும் நேராக டிராக்கில் விரட்டாதீர்கள், புது பேட் முதல் சூட்டிலேயே வாயு கக்கி வழுக்கும். 100-லிருந்து 30 வரை எட்டுப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் அழுத்தி. முழுசாக நிறுத்தக் கூடாது. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். டிஸ்க் முழுக்க ஒரே சீரான சாம்பல் நீலப் படலம் தெரிந்தால் பழகிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டுகிற விதம் பற்றியும் சொல்ல வேண்டும். தூரத்திலேயே லேசாக மிதித்து இழுத்துக்கொண்டே வருகிறீர்களா? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. கூட்டிக் கழித்தால் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பேட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டிருக்கும் நேரம் கூடுகிறது, காற்று வாங்கும் நேரம் குறைகிறது. நேராக இருக்கும்போது ஒரே அழுத்து, அழுத்தி விடுங்கள். இன்னொன்று, உங்கள் மாதிரி வண்டிகளில் வளைவில் உள்பக்கச் சக்கரத்தைக் கணினியே பிரேக் பிடித்துத் திருப்ப உதவும். நீங்கள் மிதிக்காமலேயே பிரேக் சூடாகும். ஆக்சிலேட்டரைச் சீக்கிரம் மிதித்தால் அது இன்னும் அதிகமாக வேலை செய்யும். வண்டி சறுக்காமல் கணினி பார்த்துக்கொள்கிற ஈஎஸ்பியை அணைக்கச் சொல்லவில்லை, உங்கள் அனுபவத்துக்கு அது இருக்கட்டும். காலை மட்டும் கொஞ்சம் பொறுமையாக வையுங்கள்.

மற்றபடி மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற விட்டு, திரும்ப மூன்று. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் வாருங்கள். பிட்டில் சட்டென்று நிறுத்தினால் காற்று நின்றுவிடும், டிஸ்க்கில் இருக்கிற சூடெல்லாம் கேலிப்பருக்குள் ஏறும், நிற்கிற வண்டியிலேயே ஆயில் கொதித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன ஆயில் டேங்க்:

இதோடு முன் பம்பரிலிருந்து ஒரு குழாய் விட்டுக் காற்று கொடுத்தால்?

பழைய ஸ்பேனர்:

தாராளமாக. ஆனால் டிஸ்க்கின் முகத்தில் ஊத வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் ஆறும். ஹப் பக்கம், அதாவது சக்கரம் மாட்டுகிற நடுப் பகுதியில் கொடுங்கள். அந்த டிஸ்க்கின் இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கும் துடுப்புகள் சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அதற்கு வாயில் ஊட்டினால் போதும். அதையும் பேட் மாற்றிய பிறகும் போதவில்லை என்றால் செய்யுங்கள்.

மூன்றாம் கியர்:

பேட் மாற்றிப் போய்விட்டு வந்தேன், அதற்காகத்தான் இந்தக் கடைசிப் பதிவு. மூன்று, ஒன்று, மூன்று என்று அண்ணா சொன்னபடியே. ஏழு சுற்றும் பெடல் ஒரே இடத்தில். நேரம் 2 நிமிடம் 11 விநாடி, பிரேக்கை நம்பி ஓட்டியதால் வந்த நாலு விநாடி. உதறல் முக்கால்வாசி போய்விட்டது. முந்தின நாள் நிப்பிளில் கொஞ்சம் ஆயில் எடுத்துப் பார்த்தேன், இன்னும் இளமஞ்சள்தான். மிச்சமிருந்த அரை பாட்டிலை அடுத்த தடவைக்கு அலமாரியில் வைத்திருந்தேன், திறந்த பாட்டில் ஈரம் குடிக்கும் என்று யோசித்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். மனசு வலித்தது.

திரும்பும்போது பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது புது பேட் ரயில் மாதிரி கத்திற்று. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “சார், பேட் தேய்ஞ்சு போச்சு, உடனே மாத்துங்க, டிஸ்க்கைத் தின்னுடும்” என்றார். போன வாரம்தாண்ணே மாத்தினேன் என்றேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார், “அப்போ எவனோ உங்களை நல்லா ஏமாத்திட்டான்” என்றார். பச்சை விழுந்துவிட்டது.